இடைவேளைக்குப் பிறகு வந்த பாட்டு

ஜனவரி 4

என் ஒரே அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் மட்டும் தகராறு செய்கிறது. மற்ற உறுப்புகள் இப்போதைக்கு ஒத்துழைக்கின்றன. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை ஜன்னலில் வைத்து அழகு பார்க்கிறாயா?

முதலில் முக்கியமான சங்கதி. மே மாதக் கடைசியோடு உனக்கு ஓய்வு. முப்பத்தெட்டு வருஷம் தொலைபேசி இலாகாவில் ஊர்ப் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தாய். இனி எங்களோடு பேசலாமே. மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன், ஜன்னலுக்குப் புதுக் கொக்கியும் போட்டாகிவிட்டது. போன மூன்று கடிதங்களிலும் கேட்டேன். மூன்றிலும் நீ வானிலை எழுதினாய். வருகிறாயா இல்லையா? என் வீட்டுக்காரி உன்னைத்தான் நம்பியிருக்கிறாள். "அவங்க வந்தாத்தான் உங்க வாய்க்கு ஒரு பூட்டு கிடைக்கும்" என்கிறாள்.

இரண்டாவது சங்கதி. எங்கள் பாட்டுப்பட ரசிகர் மன்றத்துக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். மலர் ஒன்று போடுகிறோம். அதில் 'மகத்தான பத்துப் பாட்டுப்படங்கள்' என்று நான் கட்டுரை எழுதப்போகிறேன். செயலாளர் என்ற முறையில் அது என் உரிமை. நாற்காலி அடுக்குவது, ஃபேன் போடுவது, ஹெட்மாஸ்டர் தூங்கினால் எழுப்புவது ஆகிய கடமைகளைப் பத்தொன்பது வருஷமாகச் செய்கிறவனுக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி?

மன்றத்தின் ஒரே விதி உனக்குத் தெரியும். பாட்டை எடுத்துவிட்டால் கதை பொத்தென்று விழ வேண்டும். அப்படிப்பட்ட படம்தான் பாட்டுப்படம். மற்றதெல்லாம் நடுவில் ஆள் மூச்சு வாங்குவதற்காகப் பாட்டு வைத்த படம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டரம்மா, "அப்ப ஒவ்வொரு படத்தையும் பாட்டை எடுத்துட்டுப் பார்த்துச் சோதிச்சீங்களா சார்?" என்று கேட்டாள். சின்ன வயசு. படித்த திமிர். பழைய தியேட்டர் ஆப்பரேட்டர் வழக்கம்போலக் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் இப்போது மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். தனிக்கட்டை. மன்றத்துக்குப் படம் ஓட்டித் தருவது அவர்தான். இருபத்தைந்து வருஷத்தில் அவர் பேசி நான் கேட்டது, "ப்ளக் லூசா இருக்கு" என்பது மட்டுமே.

உனக்குப் பிடித்த படங்களை எழுது. என்னுடைய முதலிடம் எது என்று சொல்லவே வேண்டாம்.

பதிலையும் முடிவையும் எதிர்பார்க்கும்
உன் தம்பி

*

ஜனவரி 19

அன்புத் தம்பி,

முழங்கால் இருக்கிறது. படியேறும்போது மட்டும் தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. உன் பல்லை உடனே காட்டு. நீ பேசாமல் இருக்கும் நேரமாவது அதற்கு ஓய்வு என்று நினைத்தேன். அப்படி ஒரு நேரம் கிடையாதென்று பிறகு ஞாபகம் வந்தது.

என்னிடம் போய்ப் பத்துப் படம் கேட்கிறாயே. எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்துப் பிற்பாதிகள்தான். மறந்துவிட்டாயா? சனிக்கிழமை ஆறு மணி ஆட்டம். எனக்கு எக்ஸ்சேஞ்சில் டூட்டி முடிவதே ஏழு மணிக்கு. நீ முன்னாடியே போய்ப் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பாய். நான் இடைவேளை முடிந்து, விளக்கு அணைந்த பிறகு, டார்ச் வெளிச்சத்துக்குப் பின்னாலேயே வந்து உட்காருவேன். யார் யாருக்கு என்ன உறவு, எதற்காக அழுகிறார்கள், ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு நடக்கும்போது நீ முதல் பாதியைச் சொல்லுவாய். உன் முதல் பாதிகளில் குறைந்தது ஒரு புலியாவது வரும். பிற்பாடு அந்தப் படங்களில் ஒன்றை முழுசாகப் பார்த்தேன். புலி இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் பாதியில் நுழைகிறவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சுமாரான படம் என்றால் ஆள் யார் என்று தெரிந்தால்தான் பாட்டு பிடிக்கும். நல்ல பாட்டுப்படத்தில் ஆள் யாரென்றே தெரிய வேண்டாம். தபால்காரர் படம் ஞாபகம் இருக்கிறதா? நான் உள்ளே வரும்போது அந்த மனுஷன் மழையில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறான். அவனை எனக்கு முன்பின் தெரியாது. நடை கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டமாகிறது. எந்த அடியில் நடை முடிந்து எந்த அடியில் ஆட்டம் தொடங்கியது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது சரணத்தில் முந்தானையைத் தேடினேன். கதை அப்புறம் நீ சொல்லித்தான் தெரியும், புலியோடு.

டார்ச் அடித்து இடம் காட்டுவாரே, அவர் நன்றாக இருக்கிறாரா? சோடாக்காரர்? சுவரொட்டி ஒட்டுகிற அந்த ஒற்றைக்கண் அண்ணன்? தையல்கடை அக்கா? எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ஓய்வுக்குப் பிறகு என்ன என்று இன்னும் யோசிக்கவில்லை. கூட வேலை பார்க்கும் சூப்பர்வைசரம்மா இங்கேயே அடுக்குமாடியில் இரண்டு பேராக இருக்கலாம் என்கிறாள். படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே குளிர் குறைந்துவிட்டது.

அக்கா

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

கடைசி வரியில் மறுபடியும் வானிலை. கவனித்தேன்.

பல் ராத்திரியில் வலிக்கிறது, பகலில் மிரட்டுகிறது. வீட்டுக்காரிக்கு ஜலதோஷம். உன் தைலம் இருந்தால் அனுப்பு, நீதான் உபயோகிப்பதில்லையே.

நீ கேட்ட அத்தனை பேரும் சௌக்கியம். சோடாக்காரர் மட்டும் காலமாகி ஆறு வருஷமாகிறது. அப்போதே எழுதினேன்.

கட்டுரையின் முதல் படத்தைப் பற்றிய பகுதியை உனக்காக எடுத்து எழுதுகிறேன். படிக்கும்போது நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

'முதலிடம் மணிக்கூண்டுப் படத்துக்கே. ஊர் மணிக்கூண்டை ரிப்பேர் செய்ய ஒருவன் வருகிறான். எதிரே ரொட்டிக் கடை வைத்திருப்பவள் அவனுக்கென்று ஜன்னலோரம் ஒரு நாற்காலி போடுகிறாள். மணிக்கூண்டு ஓடத் தொடங்கியதும் அவன் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறான். அதற்குப் பிறகு வருகிறது அந்த நாற்காலிப் பாட்டு. அவள் கடையைச் சாத்தி மேஜையைத் துடைக்கிறாள். துணி மரத்தின் மேல் போகிற சத்தம். மூன்றாவது தடவை துடைக்கும்போதுதான் அது தாளம் என்று நமக்கே உறைக்கிறது. நாளைக்கு அவன் வருவான் என்று பாடுகிறாள். அந்த நாற்காலியைக் கையில் எடுத்துச் சுற்றுகிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவன் வர மாட்டான் என்று கொட்டகையில் அத்தனை பேருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் சந்தோஷமாகப் பாடுகிறாள். சோகத்துக்குச் சோகப்பாட்டு போட எவனாலும் முடியும். பிரிந்த பிறகு ஒருத்தியைக் குதூகலமாகப் பாடவிட்டு, பார்க்கிறவனை அழவைக்க ஒரு மேதையால்தான் முடியும். கடைசியில் அவன் திரும்பி வருவதற்கு அந்தப் பாட்டைத் தவிர வேறு காரணம் இருப்பதாக நான் நம்பவில்லை.

கூர்ந்து கவனிப்பவர்கள் ஒன்றைக் காணலாம். அவன் போனதும் அவள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்கிறாள். ஆனால் இந்தப் பாட்டில் மட்டும் கூந்தல் இடுப்புவரை இருக்கிறது! இது தவறல்ல. இது நினைவுக் கூந்தல். மனத்துக்குள் அவள் இன்னும் பழையவளாகவே இருக்கிறாள் என்று இயக்குநர் நமக்கு...'

நினைவுக் கூந்தலைப் பற்றி இன்னும் முக்கால் பக்கம் இருக்கிறது. எப்படி?

கட்டுரையாளனான
தம்பி

*

பிப்ரவரி 13

அன்புத் தம்பி,

தைலம் அனுப்பியிருக்கிறேன். பல்லைக் காட்டு.

கட்டுரை நன்றாக இருக்கிறது. உண்மையாகவே நன்றாக இருக்கிறது. துணியால் துடைக்கிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். அவள் நாற்காலியைக் கீழே வைக்கும்போது சத்தமே வராமல் வைப்பாள், யாரோ அதில் தூங்குகிற மாதிரி. அதையும் சேர்.

கூந்தல் பத்தியை மட்டும் எடுத்துவிடு. ஏன் என்று கேட்காதே.

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

உடம்பு எப்படி என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா? நான் இல்லை. பல்லும் இல்லை, மானமும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ எடுக்கச் சொன்ன பத்தியை நான் எடுக்கவில்லை. அது என் வாழ்நாளிலேயே நல்ல பத்தி. பிழை பார்க்க ஆள் வேண்டுமென்று பல் டாக்டரம்மாவிடம் கட்டுரையைக் கொடுத்தேன். அவளிடமே பல்லையும் கொடுத்தேன். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தாள். நாற்காலியில் என்னைச் சாய்த்து, வாயை அகலமாகத் திறக்கச் சொல்லி, உள்ளே ஒரு சின்ன ரயில்பாதையே அமைத்துவிட்டுக் கேட்டாள்.

"சார், நாற்காலிப் பாட்டு இடைவேளைக்கு முன்னாடில்ல வருது?"

"ஆ... ஆ..." என்றேன்.

"இல்லைங்கிறீங்களா? அசையாதீங்க. போன வாரம்தான் போன்ல பார்த்தேன். அவன் 'நாளைக்கு வரேன்'னு சொல்லிட்டுப் போவான். உடனே பாட்டு. அவ சந்தோஷமாத்தான் பாடறா, ஏன்னா அவன் நாளைக்கு வரப் போறான். வந்துடறான். இதுல சோகம் எங்க இருந்து சார் வந்துச்சு?"

"ஆ! ஆ!"

"வலிக்குதா?"

வலித்தது பல் இல்லை.

"முடி நீளமா இருக்குன்னா, அது வெட்டறதுக்கு முன்னாடி வந்த பாட்டு சார். நினைவுக் கூந்தலும் இல்ல, கனவுக் கூந்தலும் இல்ல. துப்புங்க."

துப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இது பெரிய ரகளையாகிவிட்டது. ஹெட்மாஸ்டர் என் பக்கம். "நான் மூணு தடவை பார்த்தேன்யா, இடைவேளைக்கு அப்புறம்தான்!" என்று மேஜையைத் தட்டினார். தபால் ஆபீஸ் அம்மா எதிர்க்கட்சி. "முதல் நாளே போய் முதல் வரிசையில உக்காந்து பார்த்தவ நான். முன்னாடிதான்." டாக்டரம்மாவைத் தவிர எல்லோரும் இந்த ஊரில், ஒரே தியேட்டரில் பார்த்தவர்கள். எட்டுப் பேர் பின்னாடி என்கிறார்கள், ஐந்து பேர் முன்னாடி என்கிறார்கள். டீ ஆறிப்போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஆப்பரேட்டரை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டோம். புரொஜக்டரில் ஏதோ திருகைத் திருகிக்கொண்டு, "பழைய விஷயம்" என்று சொல்லிவிட்டார். அது ஏற்கெனவே இறுக்கமாக இருந்த திருகு.

ஆத்திரத்தில் நான் எழுந்து, "நான் சொன்னது தப்பா இருந்தா செயலாளர் பதவியையே விட்டுடறேன்!" என்று கத்திவிட்டேன். ஹெட்மாஸ்டர் தூங்காமல் இருந்த ஒரே நேரம் அது. அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுவிட்டார். ஏப்ரல் 19 பொதுக்கூட்டத்தில் முடிவு.

நீதான் சாட்சி. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. அதுவும் இடைவேளைக்குப் பிறகு மட்டுமே பார்த்தவள்! பாட்டு முன்னாடி வந்திருந்தால் நீ அதைப் பார்த்திருக்கவே முடியாது. நாற்காலியைச் சத்தமில்லாமல் வைப்பதை நீயே எழுதியிருக்கிறாய். மன்றத்துக்கு நாலு வரி எழுதி அனுப்பு, போதும்.

பதற்றத்துடன்
தம்பி

*

மார்ச் 29

அக்காவுக்கு,

நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால் ஆபீஸ் அம்மா எதிர்க்கட்சி என்பதால் கடிதத்தைப் பதுக்கிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டு நேரில் போய்க் கேட்டேன். இப்போது அவர் என்னோடு பேசுவதும் இல்லை.

நானே அந்தப் படத்தை டாக்டரம்மாவின் போனில் பார்த்துவிட்டேன். அவள் சொன்னதுதான் சரி. பாட்டு இடைவேளைக்கு முன்னாடி வருகிறது. அவன் சொல்கிறான், அவள் பாடுகிறாள், மறுநாள் வருகிறான். நல்ல பாட்டு. அவ்வளவுதான். நான் முப்பத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி உருகிய அந்த இடத்தில் அவன் ஏறிப் போகிற ரயிலின் வெறும் புகைதான் இருக்கிறது.

எனக்கு மூளை கலங்கிவிட்டதா அக்கா? கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கே பார்வை சரி பார்க்கிறவன், இல்லாததைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரி, "புலி பார்த்த ஆளுதானே நீங்க" என்கிறாள். உன் பழைய கடிதத்தை அவளும் படித்துவிட்டாள். பதவி போனால் போகட்டும். ஆனால் அந்தப் பாட்டு அங்கேதான் வந்தது. நான் அழுதேன். நீயும் அழுதாய், எனக்குத் தெரியாது என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதாவது நடந்ததா, இல்லையா?

மாடி அறையைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 8

அன்புத் தம்பி,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலைப்படாதே. எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்ததில் ஒரு மாதம் போய்விட்டது.

உன் மூளை எப்போதும் இருக்கிற நிலையிலேயே இருக்கிறது. பாட்டு இடைவேளைக்குப் பிறகுதான் வந்தது. நம் ஊரில் மட்டும். முதல் வாரம் தவிர.

முதல் வாரம் நீ கன்னம் வீங்கிப் படுத்திருந்தாய். நான் தனியாகப் போனேன். எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் அந்தப் பாட்டைப் பற்றியேதான் பேசினார்கள், அது இடைவேளைக்கு முன்னாடி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு டூட்டி முடிந்து ஓடினேன். ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். முடிந்துவிட்டிருந்தது. படம் விட்டு வரும்போது மாடிப்படியடியில் டார்ச்காரரிடம், "எல்லாம் பார்த்தாச்சு, அந்தப் பாட்டு மட்டும் எனக்குக் கொடுத்து வைக்கலை" என்று சொன்னேன். அழுகிற மாதிரியே சொன்னேன். வயசு இருபத்துமூன்று, அப்போது எல்லாம் பெரிய விஷயம். மேலிருந்து ஒருத்தர் டீ கிளாஸோடு இறங்கிக்கொண்டிருந்தார். நின்றார்.

அடுத்த சனிக்கிழமை உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. அவன் ஊரைவிட்டுப் போனான். துணியால் துடைக்கிற சத்தம் கேட்டது.

ஆறு சனிக்கிழமை வந்தேன். ஆறு தடவையும் அது இடைவேளைக்குப் பிறகுதான் வந்தது. நீ சொன்னது போல எனக்கும் அந்த இடம்தான் பாட்டுக்குச் சரியான இடமாகப் பட்டது. கூந்தல் மட்டும் உதைத்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கடைசிச் சனிக்கிழமை அந்த மாடிப்படிவரை போய் நின்றேன். மேலே கதவு திறந்திருந்தது. உள்ளே அந்த டீ கிளாஸ்காரர் கையில் பிலிமோடு முதுகைக் காட்டி நின்றிருந்தார். வேலையாக இருக்கிறாரே என்று திரும்பிவிட்டேன்.

யார் செய்தது, எதற்குச் செய்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாம்.

இதை மன்றத்தில் சொல்லாதே. பதவி போனால் போகட்டும், உனக்கும் நாற்காலி அடுக்கி இடுப்பு வலி.

அடுக்குமாடிப் படிவத்தை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டுமாம்.

அக்கா

*

ஏப்ரல் 21

என் அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. முழங்காலுக்காகச் சொல்லவில்லை.

பொதுக்கூட்டம் நடந்தது. நான் உன் பேச்சைக் காப்பாற்றினேன். என் வாழ்க்கையில் ஒரு ரகசியத்தை எட்டு நாள் வைத்திருந்தது இதுவே முதல் தடவை. மலச்சிக்கல் மாதிரி இருந்தது. எழுந்து நின்று, "நான் சொன்னது தப்பு. டாக்டரம்மா சொன்னதுதான் சரி. செயலாளர் பதவியை ராஜினாமா செய்கிறேன்" என்றேன். டாக்டரம்மாவுக்கே சங்கடமாகிவிட்டது. "அய்யோ சார், அதுக்காக..." என்று எழுந்தாள். ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்தார்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஆப்பரேட்டர் எழுந்து நின்றார். ப்ளக் லூசாக இருக்கிறது போல என்று நான் சுவரைப் பார்த்தேன்.

"செயலாளர் சொன்னது தப்பில்ல. பாட்டு பின்னாடிதான் வந்துச்சு. நான்தான் முதல் பாதியில இருந்து வெட்டிப் பின்னாடி ஒட்டினேன். ரெண்டாவது வாரத்துல இருந்து. படப்பெட்டி திரும்பிப் போறதுக்கு முன்னாடி பழையபடி ஒட்டிட்டேன்."

தபால் ஆபீஸ் அம்மா, "அப்ப நான் முதல் நாள் பார்த்தது..." என்றார். "சரிதாம்மா, நீங்க பார்த்ததும் சரி" என்றார் ஆப்பரேட்டர்.

"ஏன்யா அப்படிப் பண்ணினீங்க?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"ஒருத்தங்க டூட்டி முடிஞ்சு இடைவேளைக்கு அப்புறம்தான் வருவாங்க. அவங்களால அந்தப் பாட்டைப் பார்க்க முடியலை."

"ஒருத்தருக்காக ஊரையே ஏமாத்தினீங்களா?"

"ஊருக்கும் பிடிச்சுதே" என்றார் ஆப்பரேட்டர். உட்கார்ந்துவிட்டார்.

அக்கா, அந்த அறையில் பதிமூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சனிக்கிழமை தோறும் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தவன் யார் என்று ஊருக்கே தெரியும். அவர் மனசு தெரியாதவன் நான் ஒருத்தன்தான். உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தும், 'யாரோ ஒரு நல்ல மனுஷன்' என்று நினைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரன். வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். டார்ச்காரர், சோடாக்காரர், சுவரொட்டி அண்ணன் என்று செத்தவர்களைக்கூட விடாமல் விசாரித்திருக்கிறாய். அந்தத் தியேட்டரில் நீ கேட்காத ஒரே ஆள் அவர்தான். முப்பத்தாறு வருஷம்!

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், உண்மையைச் சொல்லணும்னா உங்க ஊர்ப் படம்தான் அந்தப் படத்தைவிட நல்லா இருக்கு" என்றாள். ஆகவே முதலிடம் மாறவில்லை. அந்தப் படத்தை எடுத்த மேதை மேல்மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் கட்டுரையில் சேர்க்க வேண்டும். நினைவுக் கூந்தல் பத்தியை எடுத்துவிட்டேன். அழுதுகொண்டே எடுத்தேன்.

ராஜினாமாவை யாரும் ஏற்கவில்லை. நாற்காலி அடுக்க ஆள் இல்லையாம்.

ஜூன் 14 ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழா. ஆறு மணிக்கு அந்தப் படத்தைத்தான் போடுகிறோம்.

தம்பி

*

மே 18

அக்கா,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்பு சரியாக இருக்கிறதா என்பதை மட்டுமாவது எழுது. படிவம் கொடுத்துவிட்டாயா என்று கேட்க மாட்டேன். கேட்க மாட்டேன் என்று எழுதுவதே கேட்பதுதான், தெரியும்.

நேற்று ஆப்பரேட்டர் கடைக்கு வந்தார். கண் பரிசோதனைக்கு என்றார். பார்வை என்னைவிடத் தெளிவாக இருக்கிறது. எல்லா எழுத்தையும் கடைசி வரிவரை படித்துவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "உங்க அக்காவுக்கு. ஒட்டலை. நீங்க படிச்சாலும் பரவாயில்லை" என்றார். படிக்கவில்லை என்று சொன்னால் நீ நம்பப்போவதில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

தம்பி

*

வணக்கம்.

உங்கள் தம்பி உங்கள் நலத்தை அவ்வப்போது மன்றத்தில் எல்லோரிடமும் சொல்லுவார். பின்னால் இருந்து கேட்டுக்கொள்வேன். முழங்கால் வலி என்று சொன்னார். இங்கே ஹாலுக்குப் படி கிடையாது.

ஜூன் 14 மாலை ஆறு மணிக்குப் படம். நீங்கள் வருவதாக இருந்தால் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று தெரிவிக்கவும். ஆரம்பத்துக்கே வருவீர்கள் என்றால் பாட்டு அதன் இடத்தில் இருக்கும். தாமதமாகும் என்றால் பின்னால் நகர்த்தி வைக்கிறேன். இப்போது சிரமமில்லை, கத்தரிக்கோல் வேண்டாம்.

அன்றைக்கு நீங்கள் மாடிப்படியில் வந்து நின்றது தெரியும். பிலிம் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. கையில் சும்மா வைத்திருந்தேன். திரும்பியிருக்கலாம்.

தியேட்டர் ஆப்பரேட்டர்

*

மே 29

அன்புத் தம்பி,

நன்றாக இருக்கிறேன். தைலம் தேய்க்கிறேன், இரண்டு வேளையும். இதை நீ நம்ப மாட்டாய்.

படிவத்தை சூப்பர்வைசரம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டாள். ஒரு படம் பாதியில் நிற்கிறது என்றேன். சனிக்கிழமை, ஜூன் 13, மதியம் மூன்றரை ரயில். மாடி அறைக்கு ஏறும் படிக்குக் கைப்பிடி போட்டு வை. பெட்டி இரண்டு. டாக்டரம்மாவையும் பார்க்க வேண்டும், உன் வாயை இரண்டு மணி நேரம் திறந்தபடியே நிறுத்திவைத்த பெண்ணை நான் நேரில் பாராட்ட வேண்டும்.

இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. அது உனக்கில்லை. ஒட்டியிருக்கிறேன், மேலே டேப்பும் போட்டிருக்கிறேன். அதில் எழுதியிருப்பது உனக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று அவர் கேட்டதற்குப் பதில் மட்டும் ஹாலில் எல்லோருக்கும் தெரியலாம், அதைக் கீழே எழுதியிருக்கிறேன், நீயே அவரிடம் வாயால் சொல்லிவிடு. உனக்கு அது சிரமமாக இருக்காது.

கைக்குட்டை போட்டு இடம் பிடிக்க வேண்டாம். பாட்டையும் நகர்த்த வேண்டாம், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இந்தத் தடவை நான் ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன்.

அக்கா